மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் காணி: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எந்த வழி பொருந்தும்?

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்கள் முதலில் கேட்பது ஒரு பேர்ச் (ஏக்கரில் 160 இல் ஒரு பங்கு) என்ன விலை என்பதைத்தான். கல்லடியில் எவ்வளவு, ஆரையம்பதியில் எவ்வளவு, அறுகம்குடாவில் இன்னும் ஏறுமா என்று பேச்சு விலையையே சுற்றி வருகிறது. விலை பிறகு வரட்டும். வாங்கப்போகிறவரின் கையில் இன்று எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது? அவர் பெயரில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், முடிக்கலாமா, குத்தகை மட்டும்தானா, பெற்றோரின் வளவு அவருக்கு வந்து சேருமா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் தங்கியிருக்கிறது.

1963 ஆம் ஆண்டிலிருந்து வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்கினால் காணியின் பெறுமதிக்குச் சமமான தொகையை, அதாவது நூறு வீதத்தை, வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. 2002 இல் அதை நீக்கினார்கள், 2004 இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இரட்டிப்புப் பணம் கொடுத்தால் வாங்கலாம் என்ற அந்தக் காலத்து நினைவு இன்னும் பலரிடம் இருக்கிறது. இன்று பணம் கொடுத்தாலும் முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், 2013 ஜனவரி 1 முதல் வலுவுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, வெளிநாட்டவர் பெயருக்கும் வெளிநாட்டுக் கம்பனியின் பெயருக்கும் காணி உரித்து மாற்றப்படுவதைத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. இந்தக் கட்டுரை அந்த விதிவிலக்குகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பற்றியது.

இதில் நம்மவர் பலருக்கு உறைக்காத ஒன்று இருக்கிறது. செங்கலடியில் பிறந்து, மட்டக்களப்பு நகரில் படித்து, இருபது வயதில் புறப்பட்டுப்போய்க் கனடாப் பிரஜையானவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பிப் பெற்ற நாளிலேயே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுகிறது. பழைய தேசிய அடையாள அட்டை பையில் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழ் மட்டக்களப்பில் பதியப்பட்டிருக்கலாம். இவற்றை மட்டும் காட்டி உறுதி முடித்துக்கொண்டால், சட்டம் தடுத்த ஒரு மாற்றத்தைக் காகிதத்தில் எழுதிவைத்ததாகத்தான் ஆகும். அந்த உறுதியை வைத்துக்கொண்டு பின்னாளில் விற்கவோ பிள்ளைக்கு எழுதவோ போகும்போது சிக்கல் வெளியே வரும்.

முதல் வழி: இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்து, சொந்தப் பெயரில் வாங்குவது

இலங்கையில் பிறந்தவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. இரட்டைப் பிரஜைக்கு மேலே சொன்ன தடை பொருந்தாது. இங்கேயே வாழும் ஒருவர் போல வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வயது, கல்வித் தகைமை, இங்குள்ள சொத்து, வங்கி வைப்பு என்று தகுதி காட்டப் பல பிரிவுகள் இருக்கின்றன. ஆவணங்கள் சேர்ப்பதற்குப் பொறுமை தேவை. மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்தக் காத்திருப்பு பலருக்குப் பிடிப்பதில்லை. விடுமுறைக்கு வந்த மூன்று கிழமைக்குள் காணி பார்த்து, விலை பேசி, முற்பணம் கொடுத்து, உறுதியும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் நடக்கின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கை தருவதற்குத் தயாராக இருந்தாலும், நீங்கள் வாழும் நாடு இரண்டாவது பிரஜாவுரிமையை ஏற்க வேண்டும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் சிக்கல் இல்லை. சுவிற்சர்லாந்து 1992 இலிருந்தே அனுமதிக்கிறது. அவுஸ்திரேலியா 2002 இல் கதவைத் திறந்தது. நோர்வேயில் இருப்பவர்களுக்கு 2020 ஜனவரி 1 வரை வழி இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது. ஜேர்மனியில் 2024 ஜூன் 27 அன்று வந்த புதிய சட்டத்தோடு தடை நீங்கியது. ஜேர்மனியிலும் நோர்வேயிலும் உள்ள நம்மவர் பலர் பழைய விதியையே நினைத்துக்கொண்டு தங்கைக்கோ அண்ணனுக்கோ காசு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். நெதர்லாந்து போன்ற நாடுகள் சில விதிவிலக்குகளைத் தவிர இன்னும் இறுக்கமாகவே இருக்கின்றன. இந்தியப் பிரஜைக்கு இரண்டாவது பிரஜாவுரிமைக்கு இடமே இல்லை.

உங்கள் கணவரோ மனைவியோ இலங்கைத் தொடர்பே இல்லாத வெளிநாட்டவராக இருந்தால் உறுதியில் இரண்டு பேருடைய பெயரையும் போடலாம் என்று எண்ண வேண்டாம். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் பெயரில் மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது வழி: உறவினர் பெயரில் வாங்குவது

இங்கே அதிகம் நடப்பது இதுதான். வேகமானது, மலிவானது, விண்ணப்பம் தேவையில்லை. தங்கையின் பெயரில் உறுதி, அண்ணனின் காசு. நம்பிக்கை இருக்கிறது என்பார்கள். நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மட்டக்களப்பின் குடும்ப வழக்கத்தையும் சட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நல்ல உள்ளங்களுக்கு நடுவிலேயே இது எப்படிக் கைமாறிப் போகிறது என்பது தெரியும்.

கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. திருமணம் பேசும்போது வளவையும் வீட்டையும் மகளுக்குச் சீதனமாக எழுதுவது இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அண்ணன் அனுப்பிய பணத்தில் தங்கை பெயரில் வாங்கிய காணியில் வீடு எழுகிறது. தங்கை குடும்பம் அதில் குடியிருக்கிறது. பதினைந்து வருடத்தில் தங்கையின் மகளுக்கு வரன் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது அந்த வீட்டைத்தான். "இது மாமாவின் காணி" என்று அந்த நேரத்தில் சொல்வதற்கு யாருக்கு மனம் வரும்? மாமாவுக்கே வராது. அப்படி எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களின் பெருந்தன்மை. ஆனால் ஓய்வுக்காலத்தில் திரும்பிவந்து வாழலாம் என்று அந்த வீட்டையே நம்பி இருந்தவருக்கு அதன்பின் இடமில்லை.

சட்டத்தின் பக்கம் இன்னும் கடினம். தேசவழமை வடமாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். கிழக்குக்கு அது பொருந்தாது. இங்குள்ள தமிழருக்கு வாரிசுரிமை பொதுச்சட்டப்படியே நடக்கிறது. உறுதியில் பெயருள்ள தங்கை மரணசாசனம் எழுதாமல் இறந்துபோனால், பாதி அவர் கணவருக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. காசு தந்த அண்ணனுக்கு ஒன்றுமில்லை. தங்கையின் கணவர் கடன்பட்டுக் காணியை வங்கியில் ஈடு வைக்கும்படி கேட்டால் தங்கை கையெழுத்திடலாம். அண்ணனிடம் கேட்க வேண்டும் என்ற கடப்பாடு அவருக்கு இல்லை. "எனக்காக அல்ல, அண்ணனுக்காகவே வைத்திருக்கிறேன்" என்று தங்கை தனியே எழுதிவைக்கும் ஒப்பந்தத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வெளிநாட்டவர் வாங்கக்கூடாது என்ற தடையைச் சுற்றிப் போகவே எழுதிய தாளை நீதிமன்றத்தில் நீட்டுபவரின் நிலை எவ்வளவு பலவீனமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

உறவினர் பெயரில் வாங்கியே ஆக வேண்டுமென்றால், பரிசாகவே கொடுக்கிறேன் என்று மனத்தில் முடிவு செய்துகொண்டு கொடுங்கள். திரும்ப வாங்குவேன் என்ற எண்ணம் ஒரு துளி இருந்தாலும் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

முதுசம்: பலர் அறியாத விதிவிலக்கு

அப்பா அம்மாவின் காணி பற்றி ஒரு தவறான அச்சம் பரவியிருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டுப் பிரஜைகளாகிவிட்டார்கள், ஆகவே காணி அரசாங்கத்துக்குப் போய்விடும், அதற்குள் விற்றுவிட வேண்டும் என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். உரிமையாளரின் சட்டப்படியான வாரிசான நெருங்கிய உறவினருக்கு, அவர் வெளிநாட்டவராக இருந்தாலும், நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ வாரிசுரிமையாலோ காணி போகலாம் என்று 2014 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. களுவாஞ்சிக்குடியில் உள்ள தாயின் வளவு இலண்டனில் உள்ள மகளுக்கு வரலாம். ஆனால் தன் பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது பெரியம்மா தன் காணியை வெளிநாட்டுப் பிரஜையான தங்கை மகனுக்கு எழுதினால் அது இந்த விதிவிலக்குக்குள் வராது. அவர் அந்தக் காணியின் சட்டப்படியான வாரிசு அல்ல.

பெற்றோர் நன்கொடை உறுதி எழுதும்போது வழக்கமாகத் தங்கள் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். அதை மாற்றச் சொல்ல வேண்டாம். அது அவர்களின் பாதுகாப்பு. ஆனால் வேறொருவரிடம் காணி வாங்கும்போது அந்த உறுதியில் யாருடைய சீவிய உரித்தாவது இருக்கிறதா என்று பாருங்கள். எண்பது வயது ஆச்சி ஒருவரின் சீவிய உரித்து இருக்கும்போது, அவரும் சேர்ந்து கையெழுத்திடாமல் முழு உரிமையும் உங்களுக்கு வராது.

குத்தகை: வெளிநாட்டவர் என்றால் இதுதான் நேர்வழி

இலங்கையில் பிறக்காதவர், அல்லது இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க முடியாதவர், 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். ஆரம்பத்தில் முழுக் குத்தகைத் தொகையில் 15 வீதம் வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த வரி 2016 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டு, 2017 இல் வந்த திருத்தச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. பழைய கணக்கைச் சொல்லி யாராவது அந்த 15 வீதத்தை உங்களிடம் கேட்டால் எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

குத்தகை என்றால் அரைகுறை உரிமை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதில் அறுகம்குடாவில் ஒரு சிறு தங்குமிடம் நடத்த வருபவருக்கு நாற்பது வருடக் குத்தகை போதாதா? போதும். நல்ல குத்தகை உறுதி, மோசமான விற்பனை உறுதியைவிட எத்தனையோ மடங்கு மேலானது. ஆனால் எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. சாதாரணத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் அது குத்தகையே அல்ல. எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதிந்த குத்தகைதான் நாளைக்கு உரிமையாளர் காணியை வேறொருவருக்கு விற்றாலும் உங்களைக் காப்பாற்றும். மட்டக்களப்பு மாவட்டக் காணிக்கு மட்டக்களப்பிலும், அம்பாறையின் கரையோரத்துக்குக் கல்முனையிலும் பதிவகங்கள் இருக்கின்றன.

உறுதியில் எழுத வேண்டியவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலாவது, நீங்கள் இறந்தால் மீதிக் காலம் உங்கள் வாரிசுக்கு வருமா என்பது. இரண்டாவது, மீதிக் காலத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா, அதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டுமா என்பது. மூன்றாவது, காலம் முடிந்ததும் நீங்கள் கட்டிய கட்டடம் யாருக்கு, அதற்கு இழப்பீடு உண்டா என்பது. இந்த மூன்றிலும் உறுதி மௌனமாக இருந்தால், பிறகு பேசுவது வழக்கறிஞர்களும் நீதிமன்றமும்தான். குத்தகைத் தொகையை முழுவதும் முன்கூட்டியே கொடுப்பவர்கள், காணி ஏற்கெனவே வங்கியில் ஈடு வைக்கப்படவில்லை என்பதைப் பதிவேட்டில் பார்த்தபிறகே கொடுக்க வேண்டும்.

பணத்தை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் கைமாறும் வழியில், அனுப்பாதீர்கள். வெளிநாட்டவர் மத்திய வங்கி அனுமதித்த உள்முக முதலீட்டுக் கணக்கைத் திறந்து அதன் வழியே கொண்டுவந்தால்தான், பிறகு முதலீட்டை விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டுபோக வழி இருக்கும். உண்டியலில் வந்த பணத்துக்குக் கணக்கு இல்லை, தகராறு வந்தால் சாட்சியும் இல்லை.

கம்பனி, தொடர்மாடி

கம்பனி ஒன்றைத் தொடங்கி, 49 வீதப் பங்கு வெளிநாட்டவருக்கு, 51 வீதம் உள்ளூர்க்காரருக்கு என்று வைத்துக் காணி வாங்கலாம் என்ற யோசனையை அறுகம்குடாவில் அடிக்கடி கேட்கலாம். சட்டப்படி அது முடியும். ஆனால் வாங்கிய நாளிலிருந்து தொடர்ச்சியாக 20 வருடம் வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். உங்கள் கம்பனியில் பெரும்பான்மை இன்னொருவருடையது என்பதை 20 வருடமும் ஏற்றுக்கொள்ளத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய விடுதி கட்டுபவர்களுக்கு இது கணக்காகலாம். ஒரு வீடு தேடுபவருக்கு இது தேவையில்லாத சுமை.

தொடர்மாடி வீட்டை வெளிநாட்டவர் தம் பெயரிலேயே வாங்கலாம். நான்காம் மாடிக்குக் கீழே கூடாது என்ற பழைய மட்டுப்பாடு 2018 இல் வந்த திருத்தத்தோடு நீங்கியது. முழுத் தொகையும் உறுதி எழுதுமுன் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வழி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோகுமே தவிர மட்டக்களப்புக்குக் கொண்டுவராது. அப்படியான தொடர்மாடிகள் நம் கரையில் விற்பனைக்கு வருவது அரிது. வாவியைப் பார்த்து வாழ வேண்டும் என்பவருக்குக் கொழும்பு மாடி எதற்கு?

எந்தக் காணி என்பதும் அதே அளவு முக்கியம்

வழியை முடிவு செய்தபின், காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள். மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையின் பழைய ஊர்களில் தலைமுறையாக உறுதி உள்ள வளவுகள் கிடைக்கின்றன. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போனால் குடியேற்றத் திட்டங்களில் அரசாங்கம் கொடுத்த காணிகள் அதிகம். இவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அனுமதிப்பத்திரத்துக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியை விற்கவும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதினால் அந்த உறுதி செல்லாது. விலை பாதியாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், அந்த விலைக்குக் காரணம் அதுதான். 2024 இல் தொடங்கிய அரசாங்கத்தின் உறுமய திட்டத்தில் முழு உரிமை கிடைக்கப்போகிறது என்று சொல்லி விற்க வருபவர்களும் உண்டு. முழு உரிமை உறுதி எழுதப்பட்டு, பதிவகத்தில் பதிந்திருந்தால் மட்டும் பேசுங்கள். கிடைக்கப்போவதற்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

வயல் வாங்கி வீடு கட்டும் ஆசை வேண்டாம். நெற்காணியை நிரப்புவதற்கு 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அதில் குத்தகைக்கு விதைக்கும் விவசாயி இருந்தால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. அதைவிட, மட்டக்களப்பின் வயலை மண் போட்டு மூடுவது ஊருக்குச் செய்யும் தீங்கு. மழைநீர் போக அந்த வயல்தான் இடம் கொடுக்கிறது.

பிரிபடாத பங்கு என்று உறுதியில் எழுதியிருந்தால் நின்று யோசியுங்கள். ஒரு ஏக்கரில் 160 பேர்ச் இருக்கிறது. அதில் எட்டில் ஒரு பங்கு என்று எழுதினால் நீங்கள் வாங்கியது வேலி போட்ட இருபது பேர்ச் அல்ல. எங்கே அந்த இருபது என்பது கூட்டுரிமையாளர் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை அல்லது நீதிமன்றம் பிரித்துக்கொடுக்கும்வரை முடிவாகாது. காத்தான்குடி, சாய்ந்தமருது, பொத்துவில் போன்ற ஊர்களில் முஸ்லிம் குடும்பத்தின் காணியை வாங்கும்போது, 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி பங்குகள் மனைவி, மகன், மகள், பெற்றோர் என்று பிரிந்திருக்கும். ஒருவர் வந்து எல்லோர் சார்பிலும் விற்கிறேன் என்றால் போதாது. அத்தனை பேரின் கையெழுத்தும், அல்லது அவர்கள் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுத்து முறையாகப் பதிந்த அற்றோனித் தத்துவமும் வேண்டும்.

உறுதியின் பழைய தொடரை முப்பது வருடமாவது பின்னோக்கிப் பார்க்க ஒரு சட்டத்தரணியை அமர்த்துங்கள். விற்பவர் கொண்டுவரும் சட்டத்தரணியே உங்களுக்கும் வேண்டாம். அனுமதி பெற்ற நில அளவையாளரை வைத்துப் புதிய வரைபடம் எடுங்கள். பழைய வரைபடத்தில் எல்லை மரமாகக் காட்டியிருக்கும் பூவரசு இப்போது இருக்காது. பிரதேச செயலகத்தில் அரச காணியா என்றும், கடலோரமாக இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும், காட்டோரமாக இருந்தால் வன பரிபாலனத் திணைக்களத்திலும் கேளுங்கள். முத்திரை வரி பொதுவாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கத்துக்கு இணங்க வேண்டாம். பிரச்சினை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில், நீங்கள் கொடுத்ததாகக் காட்டக்கூடியது உறுதியில் எழுதிய விலை மட்டுமே.

கடலோரமா, நகரமா, தெற்கா?

கடல் தெரியும் காணிக்குத்தான் எல்லோருக்கும் ஆசை. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 ஆம் ஆண்டினது. அதன்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்ட அனுமதி வேண்டும். கடலோடு சேரும் வாவி, ஆறு முகங்களில் அந்த வலயம் உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை போகிறது. ஆகவே வாவிக்கரையில் வாங்குபவர்கள் தமக்கு இது இல்லை என்று நினைக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் டச்பாரிலும் கல்முனைக் கரையிலும் என்ன நடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதன்பின் கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்து, பிறகு தளர்த்தினார்கள். தளர்த்தியது சட்டம், கடல் அல்ல. கல்லடியில் கடலைப் பார்த்த முதல் வரிசைக் காணியைவிட, பிரதான வீதிக்கு உட்புறமான வளவே என் தெரிவு. கிணற்று நீரும் அங்கே நன்றாக இருக்கும். கரை மணலில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காகத்தான் கிடக்கிறது. மோட்டார் வைத்து அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும்.

பாசிக்குடாவில் நல்ல கடலும் பெரிய விடுதிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கரையில் முதன்மையான நிலம் அரசாங்கம் விடுதிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. தனியார் ஒருவர் அங்கே கடலோர உறுதிக் காணி தருகிறேன் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அறுகம்குடாவில் வருமானம் உண்டு, ஆனால் அலைச்சறுக்குக் காலமான மே முதல் ஒக்டோபர் வரைதான். கடற்கரையை ஒட்டிக் கட்டியவற்றுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே நீண்ட இழுபறி இருக்கிறது. தொழிலுக்காக வருபவர் பிரதான வீதிக்கு உள்ளே நல்ல குத்தகை எடுப்பது நலம். வாழ்வதற்காக வருபவருக்கு ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற ஊர்கள் பொருத்தமானவை. மருத்துவமனை, சந்தை, கோயில், உறவு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்.

காணியைப் பார்க்க ஜூலையில் வராதீர்கள். அப்போது எல்லாம் காய்ந்து அழகாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை இறங்கும் நவம்பர், டிசம்பரில் வந்து தண்ணீர் எங்கே நிற்கிறது, பாதை எங்கே மூழ்குகிறது என்று பாருங்கள். 1978 நவம்பர் சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் நினைவு வைத்திருக்கும் அயலவரைக் கேளுங்கள். அவர் கைகாட்டும் நீர்மட்டம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

வாங்கியபிறகு

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வெறும் காணியை விட்டுவைப்பது ஆபத்தானது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவர் உங்கள் உரிமையை ஏற்காமல் 10 வருடம் தொடர்ச்சியாக, தடையின்றி ஆண்டுவந்தால் அந்தக் காணி அவருடையது என்று வழக்காட முடியும். வேலியைப் பேணுங்கள், ஆதனவரியை உங்கள் பெயரில் கட்டிப் பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள். காவலுக்கு யாரையாவது இருத்தினால், உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உறவினருக்கு அற்றோனித் தத்துவம் கொடுக்க வேண்டியிருந்தால், பராமரிக்கவும் வரி கட்டவும் வழக்குப் பேசவும் மட்டும் என்று வரையறுத்துக் கொடுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுக்கும் பொதுத் தத்துவத்தை எவ்வளவு நெருங்கியவருக்கும் எழுதாதீர்கள். காணிப் பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைப் பதிந்துவைத்தால், உங்கள் காணி தொடர்பாக யாராவது ஓர் உறுதியைப் பதிய வரும்போது உங்களுக்கு அறிவிக்கப்படும். கள்ள உறுதி எழுதுபவர்கள் குறிவைப்பது வெளிநாட்டில் இருப்பவரின் காணியைத்தான். இந்த அறிவித்தல் குறித்த காலத்துக்கே செல்லும், அது முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.